வானூர்தியில் மழலைகள்

பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையை முப்பத்திரண்டு ஆண்டுகள் மாணாக்கர்க்குப் பாடஞ் சொன்னவன் யான். காப்பு முதலிய பருவங்கள் பத்தினையும் நூலைப் பாராமலே நிரல்படக் கூறுவேன். ஐந்தாம் திங்களில் குழந்தை கைகளை ஊன்றித் தலையை நிமிர்த்தி அசைந்தாடுவது செங்கீரை என்றும், ஒன்பதாம் திங்களில் இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி என்றும், வானத்து நிலவைக் குழந்தையோடு விளையாட வருமாறு அழைப்பது அம்புலி என்றும் கரும்பலகையில் எழுதிக் காட்டியுள்ளேன். தேர்வில் ஒரு பருவத்தின் பெயரை விட்டுவிட்ட மாணவனுக்கு ஒரு மதிப்பெண் குறைக்கவும் தயங்கியதில்லை. ஆயினும், ஐந்து திங்கட் குழந்தை ஒன்றையும் நான்கு வயதுச் சிறுவன் ஒருவனையும் உடன்கொண்டு வானூர்தியிற் கடல் கடந்த ஓர் இரவில்தான், குழந்தைகளைப் பற்றிய பாட்டுகளை அறிந்திருந்தேனேயன்றிக் குழந்தைகளை அறிந்திலேன் என்பது எனக்கு விளங்கிற்று. என் மக்கள் வளர்ந்த காலத்தில் யான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அவர்களை வளர்த்தவள் என் மனைவி.

என் மகள் தன் கணவனோடு சிங்கப்பூரில் வாழ்கின்றாள். 2024-ஆம் ஆண்டு தைத் திங்களில், ஏழு மாதக் கருவைச் சுமந்துகொண்டு, மூத்த மகனையும் அழைத்துக்கொண்டு, இரண்டாம் மகப்பேற்றிற்காகத் திருச்சிராப்பள்ளியில் உள்ள எங்கள் இல்லத்திற்கு வந்து சேர்ந்தாள். கருவுற்று 28 வாரம் கடந்த பெண்கள் வானூர்தியில் ஏற வேண்டுமாயின் மருத்துவரின் சான்றினைக் காட்ட வேண்டும் என்பதும், 36 வாரம் கடந்தவரைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றிச் செல்லமாட்டா என்பதும் அப்பொழுதுதான் எனக்குத் தெரியவந்தன. அவள் அச்சான்றினைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டியபோது எனக்குச் சீவகசிந்தாமணி நினைவிற்கு வந்தது. கருவுற்றிருந்த தன் தேவி விசயைக்காகச் சச்சந்தன் மயில் வடிவில் வானிற் பறக்கும் பொறி ஒன்றைச் செய்வித்தான் அல்லனோ? கட்டியங்காரன் அரண்மனையைச் சூழ்ந்தபொழுது அவள் அம்மயிற்பொறியில் ஏறித் தனியே பறந்து, சுடுகாட்டில் இறங்கி, அங்கே சீவகனைப் பெற்றாள். நம் காப்பியங்களில் தாயின் வயிற்றில் இருந்தபடியே வானிற் சென்ற மகவு சீவகனே. "விசயைக்கு மருத்துவச் சான்று கேட்பார் ஒருவரும் இலர்" என்று யான் சொல்ல, என் மகள் நகைத்தாள். "அவளுக்குத் துணைக்கு வரவும் ஒருவரும் இல்லையே, அப்பா" என்றாள். திரும்பிச் செல்லும்போது அவளுக்குத் துணையாக யானே செல்வது என்று அன்றே உறுதி செய்துகொண்டேன். என் மனைவிக்கு முழங்கால் நோவு. நெடுநேரம் ஓரிடத்தில் அமர இயலாது.

பங்குனியில் பேர்த்தி பிறந்தாள். பிறந்த சில வாரங்களுக்குள்ளாகவே அவளுக்குக் கடவுச்சீட்டு வாங்கும் முயற்சி தொடங்கிற்று. முற்காலத்தில் பெற்றோரின் கடவுச்சீட்டிலேயே குழந்தையின் பெயரையும் எழுதிவிடுவர். இக்காலத்தில் பால்மணம் மாறாத குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு வேண்டும். அதில் ஒட்டுதற்கு நிழற்படம் வேண்டும். படத்தின் பின்புறம் வெண்மையாக இருத்தல் வேண்டும். குழந்தை நேராக நோக்குதல் வேண்டும். கண்கள் திறந்திருத்தல் வேண்டும். தாங்கும் கை ஒன்றும் படத்தில் விழுதல் ஆகாது. கழுத்து நிற்காத குழந்தைக்கு இவ்வளவு கட்டளைகள்! முடிவில் என் சலவை வேட்டி ஒன்றைக் கட்டிலில் விரித்து, அவளை அதன்மேற் கிடத்தி, மேலிருந்து படம் பிடித்தோம். முப்பது படங்களுக்குமேல் எடுத்திருப்போம். இருபதில் உறக்கம், ஏழெட்டில் கொட்டாவி, ஒன்றில் மட்டும் உலகத்தை ஐயுற்று நோக்குபவள்போல் விழித்திருந்தாள். அதுவே இன்றும் அவள் கடவுச்சீட்டில் உள்ளது. கையொப்பத்திற்கு மாறாக அவளது பெருவிரல் ரேகையைப் பதித்தோம். என் குடும்பத்தில் எழுத்தறிவதற்கு முன்னரே அரசாங்கத் தாளில் தன் அடையாளம் பதித்தவள் அவள் ஒருத்தியே. சிறுவர்க்குரிய கடவுச்சீட்டு ஐந்தாண்டுகளே செல்லும். குழந்தையின் முகம் மாறிக்கொண்டே இருக்குமாதலின் அதுவும் பொருத்தமே.

ஆவணித் திங்கள் தேய்பிறை நாள் ஒன்றில் நள்ளிரவு கடந்து எங்கள் பயணம் தொடங்கியது. நிலையத்தில் நேர்ந்தவற்றுள் ஒன்றை மட்டும் கூறிச் செல்கின்றேன். பேர்த்தியைக் குளிப்பாட்டுவதற்கென்று என் மனைவி மூலிகை இட்டுக் காய்ச்சிய எண்ணெய்ப் புட்டியை, உடையும் என்று அஞ்சிப் பெரிய பெட்டியில் வையாமல் என் கைப்பையில் வைத்திருந்தேன். சோதனை செய்யும் அதிகாரி அதனை எடுத்து அப்பால் வைத்துவிட்டார். கையிற் கொண்டு செல்லும் நீர்ப்பொருள் ஒவ்வொன்றும் 100 மில்லி லிட்டர் அளவிற்கு மிகுதல் ஆகாது என்பது விதி. நீர் வடிவான வெடிமருந்தினால் விமானங்களை வானிலேயே தகர்க்கச் சிலர் சூழ்ந்த சதி 2006-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இலண்டனில் வெளிப்பட்டது. அதன் பின்னர் எழுந்த விதி இது. குழந்தைக்கு வழியில் வேண்டிய பாலுக்கும் வெந்நீருக்கும் மட்டும் விலக்கு உண்டு. ஆகவே என் மகள் கொண்டுவந்த வெந்நீர்க் குடுவையைத் திறந்து பார்த்துத் திருப்பித் தந்தனர். எண்ணெய் அங்கேயே நின்றுவிட்டது. என் மனைவியிடம் இச்செய்தியை ஒரு திங்கள் கழித்தே சொன்னேன்.

யாங்கள் ஏறியது நடைவழியின் இரு மருங்கும் மும்மூன்று இருக்கைகள் கொண்ட விமானம். பெரிய விமானங்களில் முன்சுவரை அடுத்த இருக்கைகளுக்கு எதிரே குழந்தையைக் கிடத்தும் தொட்டில் ஒன்றைப் பொருத்தித் தருவர் என்று கேள்வியுற்றிருந்தேன். இதில் அஃது இல்லை. ஒரு சேலையும் ஒரு கொக்கியும் இருந்தால் ஏணை கட்டி விடலாமே என்று எண்ணிக் கூரையை நோக்கினேன். கொக்கியும் இல்லை. சாளரத்தின் அருகில் பேரன், நடுவில் மடியிற் குழந்தையோடு மகள், நடைவழியின் ஓரத்தில் யான் என்று அமர்ந்தோம். இரண்டு வயது நிரம்பாத குழந்தை பெற்றோரின் மடியிலேயே செல்லலாம். அதற்கென்று ஒரு சிறு வார் தருவார்கள். தாயின் இடைவாரில் அதனைக் கோத்துக் குழந்தையின் இடையில் தனியே பூட்ட வேண்டும். ஒரே வாரினுள் இருவரையும் சேர்த்துப் பூட்டினால், விமானம் திடுமென நிற்குங்கால் தாயின் உடற்பொறை முழுவதும் குழந்தையை நசுக்கிவிடும் என்று பணிப்பெண் கூறினார்.

இனிப் பேரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்புலிப் பருவத்தில் நிலவை அழைப்பதற்குப் புலவர்கள் சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நான்கு உபாயங்களையும் கையாள்வர். அவற்றை யான் என் பேரனை இருக்கையில் அமர்த்துவதற்குக் கையாண்டேன். விமானம் தரையை விட்டு எழுமுன்னரே அவன் இருமுறை வாரைக் கழற்றிவிட்டான். முன்னிருக்கையைக் காலால் உதைத்த வண்ணம் இருந்தான். முதலில் இன்சொற் கூறினேன், பயனில்லை. "பாப்பாவைப் பார், எவ்வளவு அமைதியாக இருக்கின்றாள்" என்று பேதம் உரைத்தேன். "பாப்பாவுக்கு இன்னும் ஓடத் தெரியாது தாத்தா" என்றான். தானமாகக் கடலையுருண்டை ஒன்றைக் கொடுத்தேன். அதனைத் தின்று முடிக்கும் வரையில் உடன்பாடு நிலவிற்று. இறுதியில், விமானி வந்து கடிந்துகொள்வார் என்று தண்டத்தையும் காட்டினேன். "விமானி வந்தால் விமானத்தை யார் ஓட்டுவார்கள்?" என்று கேட்டான். நான்கு உபாயங்களும் தீர்ந்தன. முன்னிருக்கையில் இருந்தவர் ஒருமுறை திரும்பி எங்களை நோக்கினார். ஒன்றும் சொல்லாமல் மீண்டும் முன்புறம் திரும்பிக்கொண்டார். முப்பது வயதிற்கு மேற்பட்டவராகத் தோன்றினார். அந்நோக்கு எனக்குச் சிறிது அச்சத்தைத் தந்தது.

ஐந்தாவது உபாயத்தைக் கண்டுபிடித்தவன் பேரனே. இருக்கைக்கு எதிரில் உள்ள பையிலிருந்து, இடர் நேர்ந்தால் செய்ய வேண்டுவனவற்றைப் படங்களாக வரைந்த அட்டையை உருவி எடுத்து, "இதைப் படியுங்கள் தாத்தா" என்றான். எழுத்து மிகுதியாக இல்லாத அந்த அட்டையை இருவரும் பன்முறை படித்தோம். ஒரு படத்தில், மேலிருந்து தொங்கும் உயிர்வளி முகமூடியைத் தாய் தன் முகத்தில் அணிந்துகொள்கின்றாள். அடுத்த படத்தில் குழந்தைக்கு அணிவிக்கின்றாள். "பாப்பாவுக்கு முதலில் போடாமல் அம்மா ஏன் முதலில் போட்டுக்கொள்கிறாள்?" என்று வினவினான். எனக்கும் அதே ஐயம் இருந்தது. தன் உயிரினும் மகவின் உயிரைப் பெரிதென மதிக்கும் தாய்மார்க்கு இப்படி ஒரு விதி வகுப்பதா? அவ்வழியே வந்த பணிப்பெண்ணை நிறுத்திக் கேட்டேன். அவர் தமிழ்ப் பெண், பொறுமையோடு விளக்கினார்.

விமானம் 35,000 அடி உயரத்திற் செல்லுங்கால் வெளியிலுள்ள காற்று மூச்சுவிடப் போதாத அளவு நொய்ம்மையானது. குளிரோ பூச்சியத்திற்குக் கீழே ஐம்பது பாகையையும் கடந்தது. ஆதலின் உள்ளே காற்றை அழுத்தி நிரப்புகின்றனர். அப்படி நிரப்பினும் உள்ளிருக்கும் காற்று தரையில் உள்ளதைப் போன்றதன்று. 6,000 முதல் 8,000 அடி வரையிலான மலைமீது இருப்பதைப் போன்றதே. ஏறத்தாழ நாம் உதகமண்டலத்தில் அமர்ந்திருக்கின்றோம் என்று கொள்ளலாம். ஏதேனும் பழுதினால் அக்காற்று வெளியேறிவிடின், அவ்வுயரத்தில் மனிதனுக்கு அறிவு தெளிவாக இருப்பது அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரையிலேயே. தாய் முதலில் குழந்தைக்கு அணிவிக்க முயன்று, குழந்தை கையைத் தட்டிவிட்டு முரண்டு செய்தால், அதற்குள் அவள் மயங்கிவிடுவாள்; பின்பு இருவரையும் காப்பார் இலர். அவள் முதலில் அணிந்துகொண்டால் குழந்தைக்கு அணிவிக்கும் அறிவோடு இருப்பாள். "அதற்குள் விமானியும் விமானத்தைப் பத்தாயிரம் அடிக்கு இறக்கிவிடுவார், ஐயா. அங்கே முகமூடி இல்லாமலே மூச்சு விடலாம்" என்றார் அப்பெண். மூவர் அமரும் வரிசைக்கு நான்கு முகமூடிகள் உள்ளன என்றும், நான்காவது மடிக்குழந்தைக்கு உரியது என்றும், அதனாலேயே ஒரு வரிசையில் மடிக்குழந்தை ஒன்றிற்கு மேல் அமர்த்துவதில்லை என்றும் கூறிச் சென்றார். என் மகள் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே, "எனக்குத் தெரியும் அப்பா. தெரிந்தாலும் கை முதலில் இவளிடந்தான் போகும்" என்றாள். யான் விடை கூறவில்லை.

தாயின் மடியைக் காட்டிலும் காப்பான இடம் குழந்தைக்கு வேறில்லை என்று நாம் எண்ணுகின்றோம். வானூர்தியில் அவ்வெண்ணம் முற்றும் சரியன்று என்பதைப் பின்னர்ப் படித்து அறிந்தேன். 1989-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அமெரிக்காவின் சூ நகரில் 296 பேரோடு தரையில் மோதிய விமானம் ஒன்றில் மடிக்குழந்தைகள் நால்வர் இருந்தனர். எவ்வளவு இறுகப் பற்றினாலும் அத்தகைய வேகத்தில் கைகள் பிடியை இழந்துவிடும். அந்நால்வருள் ஒரு குழந்தை இறந்தது. குழந்தைக்கும் தனி இருக்கையும் அதற்கேற்ற சிறு நாற்காலியும் வாங்குதலே நன்று என்று வல்லுநர் கூறுகின்றனர். ஆயினும் அதற்கு ஆகும் கட்டணம் பெரிது, எல்லாராலும் இயலுவதன்று. யாங்களும் வாங்கினோம் அல்லோம்.

விமானம் நிலையான உயரத்தை அடைந்து விளக்குகள் மங்கிய பின்னர், சாளரத்தருகே இருந்த பேரன் திடுமெனக் கூவினான். தேய்பிறையாதலின் நள்ளிரவில் எழுந்த பாதி நிலா, மேகங்களுக்கு மேலே, எங்கள் இருக்கைக்கு ஏறத்தாழ நேராக நின்றது. கீழே வங்கக் கடல்மீது பரந்த மேகம் வெளுத்த பஞ்சுபோற் கிடந்தது. அண்ணாந்து பார்த்தே பழகிய நிலவை அவ்வாறு பக்கவாட்டில் நோக்கியது அவனுக்குப் புதுமை, எனக்கும் புதுமையே. "தாத்தா, நிலாவும் சிங்கப்பூருக்கு வருகிறதா?" என்றான். புலவர்கள் நான்கு உபாயங்களால் அழைத்தும் வாராத அம்புலி, அழையாமலே எங்களோடு வந்துகொண்டிருந்தது. வரும் என்று சொன்னேன். அதனைக் கண்காணித்துக்கொண்டே அவன் உறங்கிப்போனான். அவனுடைய கால்களும் ஒருவாறு ஓய்ந்தன.

மகளும் கண்ணயர்ந்தாள். விழித்திருந்தவள் பேர்த்தி ஒருத்தியே. அவளை மெல்ல வாங்கி என் மடியில் குப்புறக் கிடத்தினேன். சிறிது நேரம் என் வேட்டியைச் சுவைத்துக்கொண்டிருந்தாள். பின்னர் என் முழங்காலில் இரு கைகளையும் ஊன்றினாள். தலை எழுந்தது, ஆடியது, தாழ்ந்தது, மீண்டும் எழுந்தது. இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்து, எதனையோ வென்றவள்போல் வாயைத் திறந்து ஓர் ஒலி எழுப்பினாள். நூல்கள் கூறியவாறு ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டுவதற்கு அங்கே இடமில்லை. அவள் அதனைப் பொருட்படுத்தவும் இல்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் யான் பாடஞ் சொன்ன செங்கீரை இதுதான். அவள் ஆடிய ஒவ்வொரு முறையும் அவளுடைய கழுத்து எவ்வளவு வருந்திப் பாரத்தைச் சுமந்தது என்பதை என் உள்ளங்கை உணர்ந்தது. புலவர் அதனை ஆட்டம் என்றனர். அஃது உழைப்பு என்று எனக்குத் தோன்றிற்று. வேட்டி முழுதும் நனைந்துவிட்டது.

ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் கழிந்தபின் விமானம் இறங்கத் தொடங்கிற்று. அப்பொழுதுதான் குழந்தை அழுதாள். அதுவரை கேட்ட அழுகைகளைப் போன்றதன்று அது. முகம் செவ்வரத்தம் பூவைப் போற் சிவந்தது; உடல் வில்லாக வளைந்தது; கைகள் காதுகளின்பால் சென்று சென்று மீண்டன. முன்னிருக்கையில் இருந்தவர் மறுபடியும் திரும்பினார்.

அவ்வாறு திரும்பும் தலையை யான் நன்கு அறிவேன். 1998-ஆம் ஆண்டில், என் வாழ்வில் முதன்முறையாக வானூர்தி ஏறிச் சென்னையிலிருந்து தில்லிக்குச் சென்றேன். அங்கே நிகழ்ந்த இலக்கியக் கருத்தரங்கு ஒன்றில் கட்டுரை படிப்பதற்காக என்னை அழைத்திருந்தனர். கட்டுரையின் பொருள் பிள்ளைத்தமிழ். நீங்கள் நகைக்கலாம், ஆனால் உண்மை அதுவே. என் இருக்கைக்குப் பின்னால் இளம்பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு அமர்ந்திருந்தாள். விமானம் தில்லியை நோக்கி இறங்குகையில் அக்குழந்தை வீறிட்டு அழுதது. யானோ கட்டுரையின் இறுதிப் பகுதியைத் திருத்திக்கொண்டிருந்தேன். பொறுக்கமாட்டாமல் திரும்பி, "ஏனம்மா, குழந்தையைச் சற்று அடக்கக் கூடாதா? பிறரும் இருக்கின்றார்கள் அல்லவா?" என்றேன். அவள் அப்பொழுது முந்தானையை மறைத்துக் குழந்தைக்குப் பாலூட்டத் தொடங்கியிருந்தாள். ஆடவன் ஒருவன் அவ்வாறு திரும்பி நோக்கியதும் அவள் நாணி, குழந்தையை வெடுக்கென்று விலக்கி, ஆடையைத் திருத்திக்கொண்டு, சாளரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதன் பின்னர் அவள் பாலூட்டவில்லை. விமானம் நிலத்தைத் தொட்டு நிற்கும் வரையில் குழந்தை அழுதுகொண்டே இருந்தது. கருத்தரங்கில் என் கட்டுரையைப் பலரும் பாராட்டினர். தோளிற் பொன்னாடை போர்த்தினர்.

அக்குழந்தை ஏன் அழுதது என்பதை யான் அறிந்துகொள்ள இருபத்தாறு ஆண்டுகள் ஆயின. பயணத்திற்கு முன்னர்த் திருச்சிராப்பள்ளியில் குழந்தை மருத்துவர் ஒருவர் என் மகளுக்கு அதனை விளக்கியபோது யான் உடனிருந்தேன். செவிப்பறைக்கு உட்புறம் நடுச்செவி என்னும் சிறு அறை உள்ளது. அதனுள் காற்று உண்டு. அவ்வறையினின்றும் மெல்லிய குழல் ஒன்று மூக்கின் பின்னே தொண்டையின் மேற்பகுதியில் வந்து திறக்கின்றது. விமானம் மேலே ஏறுங்கால் உள்ளிருக்கும் காற்று விரிந்து அக்குழல் வழியே எளிதில் வெளியேறிவிடும். இறங்குங்கால் நிலைமை வேறு. வெளியே காற்றின் அழுத்தம் மிகுந்து செவிப்பறையை உள்நோக்கித் தள்ளும், குழலோ ஒட்டிக்கொள்ளும். நாம் எச்சிலை விழுங்கினாலும் கொட்டாவி விட்டாலும் குழல் திறந்து காற்று உட்புகும், வலி தீரும். குழந்தையின் குழல் மிகக் குறுகியது. மேலும், விழுங்கு என்று சொன்னால் அதற்குத் தெரியாது. அது விழுங்குவதற்கு எளிய வழி பால் குடித்தல். "இறங்கத் தொடங்கியதும், உறங்கினாலும் எழுப்பிப் பால் கொடுங்கள். நிலத்தைத் தொடும் வரையில் நிறுத்த வேண்டாம்" என்றார் மருத்துவர். அவர் அவ்வாறு சொன்னபோது என் மகள் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத் தில்லி விமானமும் சாளரத்தின் பக்கம் திரும்பிய அந்த முகமும் கண்முன் நின்றன. அக்குழந்தையின் வலிக்கு இருந்த மருந்தை அதன் வாயிலிருந்து பறித்தவன் யான். அப்பெண்ணை யான் மீண்டும் கண்டதில்லை. அக்குழந்தைக்கு இப்பொழுது இருபத்தேழு வயதுக்குமேல் ஆகியிருக்கும்.

ஆகவே, முன்னிருந்தவர் திரும்பியபோது என்ன கேட்கப்போகின்றோம் என்பதை எதிர்நோக்கியே இருந்தேன். பட்டுக்கொள்ள வேண்டியவன் யானே என்றும் எண்ணினேன். என் மகளும் அவரைக் கண்டு, பாலூட்டக் குழந்தையை எடுத்தவள் ஒரு கணம் தயங்கினாள். உடனே யான் தோளிற் கிடந்த துண்டை விரித்து, ஒரு முனையை இருக்கையின் மேற்பகுதியில் செருகி, மறுமுனையைக் கையால் உயர்த்திப் பிடித்து அவளை மறைத்தேன். "நீ கொடு அம்மா, ஒருவரையும் பாராதே" என்றேன்.

அவர் கடிந்துகொள்ளவில்லை. "அழட்டும் ஐயா" என்றார். "நீங்கள் பதற்றப்படாமல் பால் கொடுங்கள் அக்கா." பின்பு குரலைத் தாழ்த்தி என்னிடம், "எனக்கும் இதே வயதில் ஒரு பையன் இருக்கிறான். நேற்று நான் புறப்படும்போது இப்படித்தான் அழுதான். இனி அவன் அழுவதைப் பக்கத்தில் இருந்து கேட்க எனக்கு இரண்டு வருடம் ஆகும்" என்றார். அவர் சிங்கப்பூரில் கட்டுமானப் பணி செய்பவர். திருச்சிராப்பள்ளியிலிருந்து செல்லும் விமானங்களில் அவரைப் போன்று தொழில் நாடிச் செல்வோர் பலர். முதன்முறை திரும்பி நோக்கியதும் உதைத்த சிறுவனைக் கடிவதற்கு அன்று. மடியில் இருந்த குழந்தையைக் காண்பதற்கு என்பதை அப்பொழுதுதான் அறிந்தேன். அதன் பின்னர் அவர் முன்புறம் திரும்பிக்கொண்டார். ஆயினும் தலையைச் சற்றே சாய்த்து, அழுகை தணியும் வரையில் கேட்டுக்கொண்டிருந்தார்.

துண்டிற்குப் பின்னே, அழுகை விம்மலாயிற்று. விம்மல், விழுங்கும் சிற்றொலியாயிற்று. என் கை கடுக்கத் தொடங்கியது. சக்கரங்கள் நிலத்தைத் தொட்ட அதிர்ச்சியில் பேரன் விழித்து, "நிலா வந்துவிட்டதா?" என்று கேட்டான். வெளியே சிங்கப்பூரில் பொழுது நன்கு விடிந்திருந்தது. அங்கே கடிகாரம் நம் நாட்டினும் இரண்டரை மணி நேரம் முந்திச் செல்லும். ஒளி மிகுந்த அவ்வானத்தில் அவனுக்குக் காட்ட நிலவைத் தேடினேன். கட்டடங்களும் விமானங்களுமே தென்பட்டன.

அவ்விளைஞர் எழுந்து, மேலே இருந்த எங்கள் பைகளைத் தாமே இறக்கித் தந்தார். குழந்தையின் பாதத்தை ஒரு விரலால் தொட்டார். பின்பு தம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தம்மைப் போன்றவர் பலரோடு வேகமாக முன்னே நடந்து சென்றுவிட்டார். அவருடைய ஊர் யாதென வினவ வேண்டும் என்று எனக்குத் தோன்றியபொழுது, அவர் கூட்டத்தினுள் மறைந்திருந்தார்.

வெளியே காத்திருந்த மருமகன் விரைந்து வந்து குழந்தையைக் கையில் வாங்கினார். அவள் நன்கு உறங்கிக்கொண்டிருந்தாள். "வழியில் அழுதாளா மாமா?" என்று கேட்டார்.

"அழுதாள்" என்றேன்.